முட்டியில் சத்தம், மூட்டில் தளர்ச்சி: வளரும் பிள்ளைகளுக்கான கேள்வி பதில்

(பதில் சொல்பவர் ஒரு பிசியோதெரபிஸ்ட்.)

என் பையனுக்கு 13 வயது. உட்கார்ந்து எழுந்தாலே முட்டியில் 'டக்' என்று சத்தம். எலும்பு தேய்கிறதா சார்?

வலி, வீக்கம், பாதி மடக்கும்போது முட்டி மாட்டிக்கொள்வது, இதில் ஒன்றும் இல்லையென்றால் கவலை வேண்டாம் அம்மா. இந்த வயதில் எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசை கொஞ்சம் பிந்தித்தான் ஈடுகொடுக்கும். அதுவரை இறுகிப்போன தசைநார் எலும்பு மேட்டைத் தாண்டும்போது சத்தம் வரும். வலி, வீக்கம் இருந்தால் காட்டுங்கள், மாட்டிக்கொண்டால் கட்டாயம் காட்டுங்கள். உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கலாம், குருத்தெலும்புத் துண்டு பெயர்ந்திருக்கலாம்.

விரலில் நெட்டி முறித்தால் பிற்காலத்தில் மூட்டுவாதம் வருமா?

வராது. அது மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும் சத்தம். அதனால்தான் ஒருமுறை முறித்த விரலில் அடுத்த 20 நிமிடம்போல் மறுபடி வருவதில்லை. வலிக்க வலிக்க முறுக்காமல் இருந்தால் சரி.

அண்ணா, எனக்கு 15 வயது. விளையாடும்போது திரும்பினால் முட்டிச் சில்லு வெளிப்பக்கம் நழுவி, தானாக உள்ளே வந்துவிடுகிறது. இரண்டு தடவை ஆகிவிட்டது. வீட்டில் இனி ஓடவே கூடாது என்கிறார்கள்.

முதலில் எலும்பு டாக்டரைப் பாரும்மா, இதைத் தள்ளிப்போடாதே. சில்லு நழுவும்போது உள்பக்கத் தசைநார் கிழியும், சில நேரம் குருத்தெலும்பு சிதறும். எக்ஸ்ரே பார்த்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. சிலருக்கு அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும்.

ஆனால் ஓடவே கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். மாதக்கணக்கில் சும்மா இருந்தால் தொடைத் தசை மெலியும், சில்லைப் பிடித்து வைக்க ஆள் இருக்காது, அப்புறம் படி இறங்கும்போதே நழுவும். டாக்டர் சரி என்றதும் இதில் தொடங்கு: மல்லாந்து படு, ஒரு காலை மடக்கு. மற்றக் காலை நீட்டி, தொடையை நன்றாக இறுக்கி, மடக்கிய முட்டியின் உயரத்துக்குத் தூக்கு. ஐந்து எண்ணிவிட்டு மெதுவாக இறக்கு. பத்து முறை. இறக்கும்போது தொப்பென்று போட்டால் பாதிப் பயன் போய்விடும்.

அடுத்தது கண்ணாடி முன் அரை உட்கார்வு. முட்டி பாதத்துக்கு நேராக இருக்கட்டும். பலருக்கு அது உள்பக்கம் சாயும், நழுவுவதற்கு அதுதான் வழி விடுகிறது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுத்தால் சாய்வது குறையும். அதனால் ஒருக்களித்துப் படுத்துக் கால் தூக்குவதையும் சேர்த்துக்கொள். இரண்டு காலின் பலமும் ஏறக்குறைய சமமானபின் விளையாட்டு.

மகள் கட்டைவிரலை முன்கையைத் தொடும்வரை மடக்குகிறாள், முழங்கை பின்பக்கம் வளைகிறது. நோயா?

வளைவது மட்டும் நோய் ஆகாது, பிள்ளைகளில் பலருக்கு உண்டு. இதை அளக்க பெய்ட்டன் என்ற 9 புள்ளிச் சோதனை இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு 6 அல்லது அதற்கு மேல் வந்தால் மூட்டுத் தளர்ச்சி என்போம். தோழிகளுக்கு வளைத்துக் காட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள், தளர்ந்த மூட்டுக்கு வேண்டியது பலம். மூட்டு அடிக்கடி விலகினாலோ, தோல் அதிகமாக இழுபட்டாலோ, லேசாகப் பட்டாலே கன்றிப்போனாலோ, குடும்பத்தில் இளவயதில் இதய ரத்தக்குழாய் சிக்கல் இருந்தாலோ டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

தோள்பட்டை இறங்கினால் நாங்களே ஏற்றிவிடலாமா?

கூடவே கூடாது. நரம்பும் ரத்தக்குழாயும் பக்கத்திலேயே இருக்கின்றன. கையைத் தூளி கட்டி அப்படியே அழைத்துப் போங்கள். இளவயதில் ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்கும் வாய்ப்பு மிக அதிகம், பயிற்சியைப் பாதியில் விடாதீர்கள்.

12 வயதுப் பையன், கொஞ்சம் குண்டு. முட்டி வலி என்று நொண்டுகிறான். முட்டியைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இன்றைக்கே இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வளரும் வயதில் இடுப்பு மூட்டில் உள்ள தொடை எலும்பின் பந்து, வளர்ச்சித் தட்டிலிருந்து (எலும்பு நீளும் குருத்தெலும்பு அடுக்கு) சரிந்தால் வலி பல நேரம் முட்டியில்தான் தெரியும். எக்ஸ்ரே எடுக்கும்வரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள், தூக்கிக்கொண்டே போங்கள்.