பக்கத்து முகாமின் தாளோடு நோர்வே மீனை எல்லை தாண்டிக் கொண்டுபோகலாமா?

கேள்வி: நானும் பள்ளிக்காலத்து நண்பனும் ஜேர்மனியில் தோர்ட்முண்டிலிருந்து காரில் புறப்பட்டு, ஜூன் நடுவில் நோர்வேயின் வடகோடியில் சோரோயா தீவுக்கு ஒரு வாரம் கடல்மீன் பிடிக்கப் போகிறோம். நான் 1976இல் பிறந்தவன், அவன் 1983. வீடும் 19 அடிப் படகும் ஒழுங்குசெய்து தந்த முகவர் நம்மவர்தான். "வீட்டுக்காரர் மீன்பிடிச் சுற்றுலாவுக்குப் பதியவில்லை, அதனால்தான் மலிவு. மீன் கொண்டுபோகத் தாள் வேண்டுமென்றால் பதிவுள்ள பக்கத்து மீன்பிடி முகாமில் ஆளுக்கு 300 குரோணருக்கு எடுத்துத் தருகிறேன்" என்கிறார். எல்லையில் சிக்கல் வருமா? இங்கே நாலு வீட்டில் மீனுக்குக் காத்திருக்கிறார்கள். அங்கேயே கருவாடு போட்டுக் கொண்டுவரலாமா என்று மனைவி கேட்கிறார்.

பதில்: சிக்கல் வரும். அந்தத் தாளை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் 1988இல் நோர்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்குக்கு வந்து மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவன். அப்புறம் பதினைந்து வருடம் விருந்தாளிகளைக் கடலுக்குக் கூட்டிப்போனேன். இந்தத் தாள் வியாபாரத்தை நம்பி வந்து, எல்லையில் வெறும் குளிர்பெட்டியோடு நின்றவர்களை எனக்கு நேரில் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நோர்வேக் கடலில் வெளிநாட்டுக்காரர் தூண்டில் போட உரிமமும் வேண்டாம், கட்டணமும் இல்லை. கையில் பிடிக்கும் தூண்டிலாக இருக்க வேண்டும், வலையோ நீளத்தூண்டிலோ பொறிக்கூடோ கூடாது, பிடித்ததை விற்கக்கூடாது, அவ்வளவுதான். பதியாத வீட்டில் தங்கிப் பிடிப்பதும் குற்றமில்லை. பிடித்ததை அங்கேயே பொரித்தோ குழம்பு வைத்தோ வயிறாரச் சாப்பிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். எல்லை தாண்டிக் கொண்டுபோகும் உரிமை என்பதுதான் வேறு சங்கதி. அது உங்களுக்குப் பிறப்புரிமையாக இருப்பதல்ல, நீங்கள் தங்கி மீன்பிடித்த பதிவுபெற்ற இடத்தின் வழியாக உங்களுக்குக் கிடைப்பது. விமானத்தில் முப்பது கிலோ பொதி தருகிறார்கள் என்றால் ரிக்கெற் வாங்கிய விமானத்தில்தானே தருவார்கள், பக்கத்து வாசலில் நிற்கும் விமானத்தின் அட்டையைக் காட்டி இதில் ஏற்றச் சொல்ல முடியாதே.

அந்தத் தாளில் என்ன இருக்கும்? உங்கள் பெயர், அந்த இடத்தின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அங்கே மீன்பிடித்தீர்கள் என்பது. அதாவது நீங்கள் இருக்காத இடத்தில் இருந்ததாகச் சொல்லும் பொய்த்தாள். பதிவுபெற்ற இடங்கள் தங்கள் விருந்தாளிகள் பிடித்த தொர்ஸ்க் (கொட் மீன்), ஹலிபட், சேய், செம்மீன் போல் சிவந்த ஊயெர், ஓநாய்மீன் என்ற ஐந்துக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் மீன் அந்த முகாமின் கணக்கில் எங்கே இருக்கும்? மீன் கூடிப்போனால் "நிறுக்கத் தராசு இல்லை ஐயா" என்றாவது சொல்லலாம், தண்டம் கட்டிவிட்டுப் போகலாம். காசு கொடுத்து வாங்கிய தாளை நீட்டிய பிறகு தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாயே இருக்காது.

எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு நடந்தது. ஒரே வீட்டில் தங்கி, ஒரே படகில் போய், ஒரே ஆளிடம் தாள் வாங்கியவர்கள். எல்லையில் ஒரு பெண் அதிகாரி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, பெட்டியைத் திறக்கவே இல்லை. தாளைப் பார்த்தார், இருவரையும் தள்ளித் தள்ளி நிற்கவைத்தார், ஒரே கேள்வியை இருவரிடமும் கேட்டார்: "அந்த முகாமில் உங்களுக்குச் சாவி தந்தவர் ஆணா, பெண்ணா?" ஒருவர் ஆண் என்றார், மற்றவர் பெண் என்றார். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறந்தார்கள். மீன் போனது, காசு போனது, தாள் விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மாட்டிக்கொண்டால் நிற்பது நீங்கள் மட்டும்தான். இந்த முகவர்கள் யாரும் எல்லை வரைக்கும் உங்களோடு காரில் வருவதில்லை.

இன்னொரு ஏமாற்று, பதிந்திருக்கிறோம் என்று வாயால் சொல்வது. கம்பனியாகப் பதிந்திருப்பது வேறு, மீன்பிடிச் சுற்றுலா இடமாகப் பதிந்திருப்பது வேறு. நோர்வே மீன்பிடி இயக்ககம், ஃபிஸ்கெரிடிரெக்டராத் என்பார்கள், தன் இணையதளத்தில் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறது. வீட்டுக்காரரின் பெயரையும் ஊரையும் வாங்கி நீங்களே தேடுங்கள். முகவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், போன வருடத்துப் படத்தை இந்த வருடம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை, பதிவுபெற்ற வேறு வீடு பாருங்கள். பெட்ரோல், பெரி, ஒரு வார லீவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வாடகையில் மிச்சம்பிடிப்பது பெரிய காசில்லை.

சரி, எத்தனை கிலோ? இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. 2017 வரை 15 கிலோவும், அதற்கு மேல் பெருமைக்கு ஒரு பெரிய மீனும். 2018இல் அந்தப் பெருமை மீனை எடுத்துவிட்டுப் பதிவுபெற்ற இடத்துக்கு 20 கிலோ என்றார்கள். 2021இல் 18 ஆக்கினார்கள். இந்த எண்ணை மாற்றுவது அவர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. ஆகவே நான் எழுதியதையோ முகவர் சொன்னதையோ நம்பாமல், புறப்படும் வாரத்தில் நோர்வேச் சுங்கத்தின் பக்கத்தில் அன்றைய எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு ஆளுக்குத்தான், காருக்கில்லை. சின்னப் பிள்ளைகளின் பெயரிலும், கரையில் இருந்து தேநீர் குடித்தவர் பெயரிலும் கிலோ கூட்டும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். வான் வண்டிக்குப் பின்னால் குளிரூட்டிய இழுவைப்பெட்டி கட்டி வந்து நூற்றுக்கணக்கான கிலோவை அள்ளிக்கொண்டு போய் விற்றவர்கள் இருந்தார்கள். ஊர் மீனவருக்குக் கோபம் வந்தது நியாயம். மீனும் குறைந்துபோயிற்று: வடகிழக்கு ஆர்க்டிக் தொர்ஸ்க் மீனுக்கு 2025இல் நோர்வேயும் ரஷ்யாவும் வைத்த மொத்த அளவு 3,40,000 தொன், 1991க்குப் பிறகு அதுவரை இவ்வளவு கீழே போனதில்லை. ஆனாலும் இழுவைப்படகுகளுக்குத் தொன்னில் பேசிவிட்டு, தூண்டில்காரனின் குளிர்பெட்டியைக் கிலோவில் நிறுப்பதைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

இனிக் கூடுதல் மீன் கொண்டுபோக உண்மையாகவே இருக்கும் ஒரு வழி. நாலு வீட்டுக்கு மீன் வேண்டும் என்கிறீர்களே, கடையில் வாங்குங்கள். நீங்கள் பிடித்த மீனுக்குத்தான் அந்தக் கிலோக் கணக்கு, முறையாகத் தொழில் செய்யும் கடையிலோ மீன் இறங்குதுறை விற்பனையிடத்திலோ வாங்கிய மீன் அதற்கு வெளியே. ஆனால் ரசீது வேண்டும். ரசீது என்றால் கடையின் பெயர், பதிவு எண், தேதி, என்ன மீன், எத்தனை கிலோ என்று இயந்திரத்தில் அடித்த ரசீது. கொப்பித்தாளில் பேனாவால் எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தால் அது ரசீதில்லை. துறைமுகத்தில் படகு கட்டும்போது ஒரு மீனவர் சிரித்துக்கொண்டே நாலு மீனைத் தூக்கித் தந்து நூறு குரோணர் வாங்கிக்கொள்வார், நல்ல மனுசன்தான், அது சாப்பாட்டுக்கு உதவும், எல்லைக்கு உதவாது. லோஃபோட்டன் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் தொர்ஸ்க்கின் நாக்கை அறுத்து விற்றுக் கைச்செலவுக்குக் காசு சேர்ப்பார்கள், அவர்களிடம் ரசீது கேட்டால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அப்புறம், வாங்கிய மீனைப் பிடித்த மீனோடு ஒரே பையில் போடவே போடாதீர்கள். கடைப் பொதியைப் பிரிக்காமல், ரசீதை அதன்மேல் ஒட்டி, தனிப்பெட்டியில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து உறையவைத்துவிட்டு "இதில் பாதி கடை மீன்" என்றால் எந்தப் பாதி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உறைந்த பிறகு உங்களுக்கே தெரியாது. ரசீதைக் கைப்பேசியில் படமும் எடுத்துவையுங்கள், இயந்திர ரசீது குளிர்பெட்டி ஈரத்தில் ஒரே இரவில் வெள்ளைத்தாளாகிவிடும்.

பிடித்ததைப் பிலேயாக்கி, அதாவது முள்ளெடுத்த சதைத்துண்டாக்கி, நிறுப்பது சட்டத்துக்கு உட்பட்டதுதான், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். முழு மீனில் பாதிக்குக் குறைவாகத்தான் பிலே தேறும். ஆக 18 கிலோ என்றே வைத்தாலும் அவ்வளவு பிலேக்கு ஆளுக்கு நாற்பது கிலோவுக்கு மேல் பிடிக்க வேண்டும், அதுவே ஒரு வாரத்துக்குக் காணும். பிடித்தவுடன் செவுளருகே வெட்டி இரத்தம் போகவிடுங்கள், இல்லாவிட்டால் சதை சிவந்துபோகும். எனக்குத் தொழிற்சாலையில் முதல் வாரம் மேற்பார்வையாளர் பேச்சில்லாமல் காட்டித்தந்தது இது ஒன்றுதான்: இரண்டு துண்டுகளை அடுத்தடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், ஒன்று பால் வெள்ளை, மற்றது கலங்கிய ரோஸ்.

அளவும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் தொர்ஸ்க் 44 சென்ரிமீற்றருக்குக் கீழேயும் ஹடொக் 40க்குக் கீழேயும் உயிரோடு இருந்தால் திரும்பக் கடலுக்கு. ஹலிபட் 84க்குக் கீழே கூடாது, இரண்டு மீற்றர் போல மிகப் பெரிதானாலும் கூடாது, விட்டுவிட வேண்டும். நம்மூர் நாக்குமீனைக் கதவளவு பெருப்பித்தால் எப்படியோ அப்படி ஒரு மீன், அதை உயிரோடு சின்னப் படகுக்குள் ஏற்றினால் வாலால் அடித்து ஆளை விழுத்தும். படத்துக்காக ஏற்றாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் இருவரின் பிறந்த வருடத்தைப் பார்த்ததும் எனக்கு இதுதான் முதலில் உறைத்தது. 19 அடிப் படகு எட்டு மீற்றருக்குக் கீழே, ஆகவே உரிமம் வேண்டாம் என்று முகவர் சொல்லியிருப்பார். பாதிதான் உண்மை. நோர்வேயில் எட்டு மீற்றருக்கு மேலிருந்தாலும் சரி, இயந்திரம் 25 குதிரைவலுவுக்கு மேலிருந்தாலும் சரி, 1980 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்குப் படகோட்டும் அத்தாட்சி வேண்டும். அந்தப் படகுகளில் பெரும்பாலும் 50, 60 குதிரைவலு பூட்டியிருக்கும். நண்பனிடம் ஐசிசி என்ற சர்வதேசப் படகோட்டி அட்டை இருந்தால் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓட்டப்போவது நீங்கள்தான், நடுக்கடலில் "கொஞ்ச நேரம் நீ பிடி" என்று கொடுக்கவும் கூடாது. வாழ்நாளில் படகு தொடாத 1976காரர் ஓட்டலாம், பழகிய 1983காரர் ஓட்டக்கூடாது. இதற்கு என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். முதல் நாள் துறைமுகத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் சுற்றிப் பழகுங்கள்.

எட்டு மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது உயிர்காப்பு அங்கி போட்டிருப்பது 2015இலிருந்து சட்டம். ஆனால் அங்கி மட்டும் போதாது. நடுராத்திரியிலும் வெயில் அடிக்கிறதே என்று ஏமாறாதீர்கள், ஜூனில்கூட அந்தக் கடல் குளிர்சாதனப்பெட்டித் தண்ணீர்தான், விழுந்தவனுக்கு ஐந்து பத்து நிமிடத்தில் விரல் மடங்காது. மிதக்கும் முழு உடையை வீட்டுக்காரரிடம் வாடகைக்குக் கேளுங்கள். தர முடியாது என்பவரின் படகில் ஏறாதீர்கள். கடலில் அவசரமென்றால் தொலைபேசியில் 120, வானொலியில் 16ஆம் அலைவரிசை.

கடைசியாக அந்தக் கருவாடு. உப்புப் போட்டாலும் காயவைத்தாலும் நீங்கள் பிடித்த மீன் நீங்கள் பிடித்த மீன்தான், அதே கிலோக் கணக்கில்தான் சேரும். எடை குறையுமே என்று யோசிக்கிறீர்கள், விளங்குகிறது. ஆனால் நோர்வேக்காரர் தங்கள் காய்மீனை பெப்ரவரியில் மரச்சட்டத்தில் தொங்கவிட்டு மே மாதமளவில் இறக்கிவிடுவார்கள். ஈ வருவதற்கு முன் குளிர்காற்றில் காய்ந்தால்தான் உண்டு. நீங்கள் போவது ஜூன் நடுவில், அதுவும் ஒரு வாரம். பாதி காய்ந்த மீனைக் காரில் வைத்துச் சுவீடன் முழுக்கக் கடந்து வரப்போகிறீர்களா? மனைவிக்கு ஆசை என்றால் நல்ல காய்மீனாகப் பார்த்துக் கடையில் வாங்குங்கள், ரசீதோடு.