கோட்டை அறை என்று சொல்லிப் பின்கட்டில் தங்க வைத்தால்?

கேள்வி: எங்கள் ஊர் கீழக்கரை. கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். டிசம்பரில் அவர் லீவில் வந்தபோது, ஆறு வயது மகனையும் என் உம்மாவையும் கூட்டிக்கொண்டு ராஜஸ்தான் போனோம். மகனுக்குக் கோட்டை, ராஜா என்றால் உயிர். அவனுக்காகவே ஒரு மலைக்கோட்டை ஹோட்டலில், ஆன்லைன் தளம் மூலம் மூன்று இரவுக்கு ஃபேமிலி ரூம் போட்டோம். மொத்தம் 49,500 ரூபாய், கணவரின் கார்டில் கட்டினோம். போய் இறங்கினால், படத்தில் இருந்த கோட்டை அறை இல்லை. பின்னால் புதிதாகக் கட்டிய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அறை கொடுத்தார்கள். லிஃப்ட் கிடையாது, உம்மாவுக்கோ மூட்டுவலி. வராந்தாவின் கைப்பிடிச் சுவர் என் முழங்கால் உயரம்தான், எட்டிப் பார்த்தால் பள்ளம். மகனுக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது என்று எக்ஸ்ட்ரா பெட்டுக்கு 2,200 ரூபாய் தனியாக வாங்கினார்கள். ராத்திரி முழுக்கக் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். காலையிலேயே காலி செய்துவிட்டு, டவுனில் ஒரு சாதாரண லாட்ஜில் 8,000 ரூபாய்க்கு இரண்டு இரவு தங்கினோம். மீதிப் பணத்தைக் கேட்டால் ‘நான்-ரீஃபண்டபிள்’ என்கிறது ஹோட்டல். ‘நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டும்தான்’ என்கிறது தளம். வழக்குப் போடுவதானால் ஜெய்ப்பூர் நீதிமன்றத்தில்தான் போட முடியும் என்று மெயில் வேறு. ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா? மே மாதம் என் தம்பியும் மூன்று வயதுக் குழந்தையோடு இதே மாதிரி ஒரு கோட்டை ஹோட்டலுக்குப் போகப்போகிறான். எதைப் பார்த்து ரூம் போடச் சொல்வது?

பதில்: சகோதரி, முதலில் ஜெய்ப்பூர் பயத்தை விடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. நீங்கள் கீழக்கரையில் இருப்பதால், இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் போடலாம். ‘ஜெய்ப்பூர் மட்டும்’ என்று விதிமுறைப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டி அவர்கள் ஆட்சேபம் செய்வார்கள். அதற்கு 34-ஆவது பிரிவையும், இந்தச் சட்டம் தரும் பரிகாரம் மற்ற சட்டங்களில் உள்ளவற்றுக்குக் கூடுதலானது என்று சொல்லும் 100-ஆவது பிரிவையும் வைத்துப் பதில் சொல்லுங்கள். ராஜஸ்தானில் இருக்கும் ஹோட்டல் பதில் சொல்ல இங்கே வரட்டும்.

பணம் கட்டியது கணவர், அவர் துபாய்க்குத் திரும்பிவிட்டார், நான் எப்படி வழக்குப் போடுவது என்ற தயக்கம் நம் பகுதியில் நிறையப் பேருக்கு உண்டு. காசு கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையை அனுபவித்தவரும் நுகர்வோர்தான். ஆகவே உங்கள் பெயரிலேயே புகார் கொடுக்கலாம். குழந்தை பட்ட சிரமத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம். பெற்றோரும் குழந்தையும் இருவருமே நுகர்வோர் என்பதை ஒரு மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-லேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கணவரிடம் கார்டு ஸ்டேட்மென்டில் அந்தத் தொகை கழிந்த பக்கத்தையும், சம்மதம் தெரிவித்து ஒரு கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் அனுப்பிய புக்கிங் வவுச்சர். உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. அறை வகை என்ற இடத்தில் ‘ஃபோர்ட் விங் ஃபேமிலி சூட்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே ‘பெரியவர் 3, குழந்தை 1 (வயது 6)’, ‘மொத்தக் கட்டணம், வரிகள் உட்பட’ என்றும் இருக்கிறது. குழந்தைக்கு வயது ஆறு என்று தெரிந்தேதான் விலை போட்டிருக்கிறார்கள். பிறகு கவுண்டரில் நிற்க வைத்து, ஐந்து தாண்டிவிட்டது என்று 2,200 வாங்கியது எந்த வகையிலும் நியாயமில்லை. கோட்டைப் பகுதி என்று எழுத்தில் சொல்லிவிட்டுப் பின்கட்டில் அறை கொடுத்தது சேவைக் குறைபாடு. சேவையின் தரத்தைப் பற்றித் தவறான தகவல் கொடுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் கெடு குறிப்பிடாதபோது முப்பது நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. இவை இரண்டும் உங்கள் பலமான வாதங்கள்.

லிஃப்ட் இல்லாதது பலவீனமான வாதம். லிஃப்ட் உண்டு என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை, உம்மாவின் மூட்டுவலியைப் பற்றி நீங்களும் முன்கூட்டிக் கேட்கவில்லை. நீங்கள் கேட்ட கோட்டை அறையே கிடைத்திருந்தாலும், மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழுப்பிய கோட்டையில் படி இருக்கத்தான் செய்யும். நம்மூர் இராமலிங்க விலாசம் அரண்மனையில் மாடி ஏறிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அதைப் புகாரில் ஒரு வரியோடு விட்டுவிடுங்கள்.

முழங்கால் உயரச் சுவர் விஷயம் அப்படியல்ல. எதிர்த்தரப்பு ‘பழைய கோட்டை, அமைப்பை மாற்ற முடியாது’ என்று சொல்லப் பார்க்கும். ஆனால் உங்களுக்குக் கொடுத்தது கோட்டையே இல்லையே! புதிதாகக் கட்டிய கட்டடத்துக்குப் பழமையைக் காரணம் சொல்ல முடியாது. குழந்தை உண்டு என்று தெரிந்து ஃபேமிலி ரூம் கொடுத்தவர்கள், பள்ளத்தை ஒட்டிய வராந்தாவில் அப்படிச் சுவர் வைத்திருப்பது கவனக்குறைவு. ஒரு தாய் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டி வந்ததை அப்படியே பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். மன உளைச்சல் என்று பொதுவாக நான்கு பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு வரிக்கு எடை அதிகம். சுவருக்குப் பக்கத்தில் உங்கள் மகன் நிற்கும் படம் இருக்கிறது என்கிறீர்கள். அதைப் புகாரின் முதல் ஆவணமாக வையுங்கள்.

‘நான்-ரீஃபண்டபிள்’ என்பது நாம் மனம் மாறி ரத்து செய்யும்போது பேச வேண்டிய பேச்சு. சொன்ன அறையையே கொடுக்காதவருக்கு அந்த வார்த்தை கேடயம் ஆகாது. இங்கே ஒரு எச்சரிக்கை. கோபத்தில் ‘இது நியாயமற்ற ஒப்பந்தம், அந்த விதியையே செல்லாது என்று அறிவிக்க வேண்டும்’ என்று புகாரில் கேட்டுவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற தலைப்பில் வரும் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நின்றால் இராமநாதபுரத்திலேயே காரியம் முடியும்.

இடையில் இருப்பவர் என்று சொல்லித் தளமும் முழுக்கக் கழன்றுகொள்ள முடியாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, தளத்துக்கு ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவருக்கு இன்றே மெயில் போடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யலாம். சில தளங்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைக் கொடுத்துவிடும். கொடுக்காவிட்டால் ஹோட்டல், தளம் இரண்டையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்துவிடுங்கள். ஒன்றை விட்டால் மற்றது விட்டதன் மேல் கை காட்டும்.

அடுத்து தொகை. ஐந்து லட்சம் வேண்டாம், சகோதரி. இப்போதைய சட்டப்படி புகார்க் கட்டணமும், எந்த ஆணையத்துக்குப் போவது என்ற வரம்பும் நாம் கொடுத்த விலையை வைத்துத்தான் கணக்காகிறது, கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல. நீங்கள் கொடுத்தது ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமே கிடையாது. அதனால் எவ்வளவு கேட்டாலும் செலவு அதிகமாகாதுதான். ஆனால் ஊதிப் பெருக்கிய தொகை, உண்மையான குறையையும் சேர்த்துச் சந்தேகப்பட வைக்கும். தங்காத இரண்டு இரவுக்கு 33,000, எக்ஸ்ட்ரா பெட் 2,200, தங்கிய இரவின் கட்டணத்தில் ஒரு பகுதி, இவற்றைக் கேளுங்கள். லாட்ஜுக்குக் கொடுத்த 8,000-ஐத் தனியாகக் கேட்காதீர்கள். இரண்டு இரவுப் பணம் திரும்பி வந்துவிட்டால், வேறு இடத்தில் தங்கிய செலவு எப்படியும் உங்களுடையதுதானே. விமான டிக்கெட்டையும் சேர்க்க வேண்டாம், மற்ற ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம் வரை கேட்கலாம். வழக்குச் செலவு தனி.

புகாரை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. அதற்கு முன், பதினைந்து நாள் கெடு கொடுத்து ஒரு நோட்டீஸை மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பிவிடுங்கள். ஹோட்டலின் பக்கத்தில் கோட்டைப் படங்களும் அறை விவரமும் இன்னும் அப்படியே இருந்தால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நோட்டீஸ் போன பிறகு அவை மாறிவிடக்கூடும். செல்போன் ஆதாரங்களோடு, எந்தக் கருவியில் எப்படி எடுத்தது என்று உறுதி சொல்லும், 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிட்டால் பின்னால் தகராறு வராது. படம் எடுத்த போனை மட்டும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. அவ்வளவு நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். எதிர்த்தரப்புக்குப் பதில் கொடுக்க முப்பது நாள், மிஞ்சினால் இன்னும் பதினைந்து. அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். கணவர் பேச வேண்டி வந்தால் காணொளி விசாரணைக்கு மனுப் போடலாம். நீங்கள் ஜெயித்து அவர்கள் மேல்முறையீடு போனால், தீர்ப்பான தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். அதனாலேயே சின்னத் தொகை வழக்குகளில் பலர் மேலே போக யோசிப்பார்கள்.

சரி, தம்பி விஷயம். முதலில் மாதத்தை மாற்றச் சொல்லுங்கள். மே மாத ராஜஸ்தானில் வெயில் 45 டிகிரியைத் தொடும். மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்கோட்டையில் ஏறி இறங்குவது பெரியவர்களுக்கே ஆகாது. டிசம்பர், ஜனவரி என்றால் கல்சுவர் அறையில் ராத்திரிக் குளிர் கடுமையாக இருக்கும், நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லை. ஹீட்டர் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். பிப்ரவரி நல்ல மாதம்.

‘ஹெரிட்டேஜ்’ என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹெரிட்டேஜ் ஹோட்டல் என்று தரச்சான்று கொடுப்பதற்குக் கணக்கு இருக்கிறது. கோட்டையோ அரண்மனையோ ஹவேலி என்னும் பழைய பெரிய மாளிகையோ, 1950-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும், கிளாசிக், கிராண்ட் என்ற மேல் வகைகளுக்கு 1935-க்கு முன். புதிதாகச் சேர்த்துக் கட்டிய பகுதி மொத்தத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அதாவது சான்று பெற்ற ஹோட்டலிலும் கிட்டத்தட்டப் பாதி புதுக் கட்டடமாக இருக்கலாம்! அதனால் தம்பி சான்று இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், எங்கள் அறை பழைய பகுதியிலா புதிய பகுதியிலா, எத்தனை படி ஏற வேண்டும், வராந்தா அல்லது மாடச் சுவர் எவ்வளவு உயரம், ஜன்னலுக்குக் கம்பி உண்டா என்று ஹோட்டலுக்கே மெயில் எழுத வேண்டும். போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘நோ ப்ராப்ளம் சார்’ என்ற பதில்தான் வரும், அதை ஆணையத்தில் காட்ட முடியாது.

குழந்தையின் வயதைப் பயணத் தேதியன்று எவ்வளவோ அப்படியே சொல்லச் சொல்லுங்கள், குறைத்துச் சொன்னால் பின்னால் வாதாட வாய் இருக்காது. கட்டிலைப் பகிர்ந்தால் இலவசமா, காலைச் சாப்பாடு அதில் சேருமா, நீச்சல் குளம் இருந்தால் ஆழம் எவ்வளவு, காவலுக்கு ஆள் உண்டா, ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வண்டி கிடைக்குமா என்பதையும் கேட்கட்டும். கொஞ்சம் கூடுதல் விலையானாலும், ரத்து செய்தால் பணம் திரும்பும் கட்டணத்தையே எடுக்கட்டும். மே மாதம்தான் லீவு, வேறு வழியில்லை என்றால், செட்டிநாட்டுப் பக்கம் தங்கும் விடுதியாக்கிய பழைய வீடுகள் இருக்கின்றன. காரைக்குடி நமக்குக் காரில் சில மணி நேரம்தான். தரைத்தளத்தில் முற்றத்தை ஒட்டி அறை கேட்டு வாங்கினால், மூன்று வயதுப் பிள்ளை ஓடியாட அது போதும்.