பிடியரிசிக் காணிக்கை

கேள்வி: அழைப்புப் பெற்ற எங்கள் சபை இளைஞரை ஊழியத்துக்கு அனுப்பப் பணவசதி இல்லை. பிடியரிசி சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக! மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இப்படித்தான் ஊழியத்தைத் தாங்குகிறார்கள். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே, ஒரு பிடியைத் தனி டப்பாவில் போடுங்கள். கை ஈரமாக இருந்தால் பூசணம் பிடிக்கும். பிடிக்கு 40 கிராம் வைத்தாலும், இருவேளை சமைக்கும் வீட்டில் மாதம் 2.4 கிலோ, 30 வீட்டில் 72 கிலோ! பச்சரிசியையும் புழுங்கலையும் கலக்காதீர்கள், ஒன்றாக வேகாது. வண்டுக்குக் காய்ந்த மிளகாய் நாலு போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருவர் முன்னிலையில் நிறுத்து, நோட்டில் எழுதி, ஏழை விதவைகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு மீதியை விற்றுவிடுங்கள். வீட்டுவாரியான எடையை மட்டும் ஆராதனையில் வாசிக்கவே வேண்டாம். குறைவாகக் கொடுத்தவர் கூசிப்போய் அடுத்த முறை டப்பாவை எடுத்துவர மாட்டார்.