கோயிலுக்கு வர மறுக்கும் மகள்

கேள்வி: எனக்கு 14 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறோம். கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். சிறு வயதிலிருந்தே தேவாரம், விளக்கு, வெள்ளிக்கிழமைக் கோயில் என்று பிள்ளையை வளர்த்தேன். பிழை செய்தால் "முருகன் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்வேன். சென்ற வருடம் பெரியபிள்ளையானாள். மாதவிலக்கு நாட்களில் சாமிப் படத்துக்குக் கிட்டப் போகக்கூடாது என்றபோது, "அந்த நாட்களில் முருகன் என்னைப் பார்க்கமாட்டாரா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்பது பாவம் என்று அதட்டிவிட்டேன். மூன்று மாதங்களுக்கு முன், ரியூஷன் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவனுடன் வட்ஸ்அப்பில் கதைப்பது தெரியவந்தது. இனிமேல் கதைப்பதில்லை என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யவைத்தேன். அதன் பிறகும் கதைத்திருக்கிறாள். இப்போது கோயிலுக்குக் கூப்பிட்டால் தலையிடி, பரீட்சை என்று ஏதாவது சொல்லி நின்றுவிடுகிறாள். சமய வழியில் அவளுக்கு எப்படிப் புத்தி சொல்வது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மகளுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கோ அவள் பயந்துபோயிருக்கிறாள் என்றே தோன்றுகிறது. நம்பிக்கை இல்லாத பிள்ளை கோயிலுக்கு வருவதற்கு அஞ்சாது. அம்மாவின் மனம் நோகாமலிருக்க வந்து ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போகும். கற்பூரத்தில் அடித்துச் சொன்ன வார்த்தையை மீறிவிட்டோம், முருகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று உண்மையாகவே நம்புகிற பிள்ளைதான் அவருடைய முகத்தைப் பார்க்க அஞ்சி வீட்டில் நின்றுவிடும்.

ஆகவே முதலில் அந்தச் சத்தியத்திலிருந்து அவளை விடுவியுங்கள். 14 வயதுப் பிள்ளையிடம் அப்படியொரு சத்தியத்தைக் கேட்டது உங்கள் பிழை என்று, சுற்றிவளைக்காமல் அவளிடமே சொல்லுங்கள். பெற்றோர் பிள்ளையிடம் பிழையை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம்; இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டது அதற்கு நேர்மாறானது.

அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். அது பாவமான கேள்வியல்ல. எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த கடவுள் மாதத்தில் சில நாட்கள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்று அவள் நியாயமாக யோசித்திருக்கிறாள். விலகியிருப்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த ஆசாரம். அதைக் கடைப்பிடிக்கிற பெண்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வழக்கம் முற்றமும் தனியறைகளும் இருந்த நாற்சார் வீடுகளில் நிலைத்தது. உங்களுடையதைப் போன்ற கொழும்பு வீடுகளில் வரவேற்பறைச் சுவரில் ஒரு தட்டு, அதில் நாலு படங்கள், முன்னால் ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான் சாமியறை. குசினிக்குப் போவதற்கும் பிள்ளை அதைக் கடந்துதான் போக வேண்டும். இப்படியொரு வீட்டில், திரையை இழுத்து மூடிவிட்டு எதிர்ச் சுவரோடு ஒட்டி நடந்துபோன சிறுமி ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். தன்னிடம் ஏதோ அழுக்கு இருக்கிறது என்ற எண்ணம் அவளுடைய நடையிலேயே இருந்தது. சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுத்து, வீடியோவும் எடுத்து ஊரைக் கூட்டுகிற நாம், உடம்பில் என்ன நடக்கிறது, அது ஏன் அழுக்கல்ல என்று அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

நமசிவாய என்ற ஐந்தெழுத்தைப் பாடிய திருஞானசம்பந்தர், "துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும் நெஞ்சகம் நைந்து நினைமின் நாள்தொறும்" என்றார். உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும், நாள்தோறும் நினைக்கச் சொன்னார். எந்த நாளையும் அவர் விலக்கவில்லை. என் அம்மா அந்த நாட்களில் விளக்கேற்றமாட்டார். ஆனால் குசினியில் அரிசி களைந்தபடி வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், சுளகில் விரலால் தாளம் போடுவதும் உண்டு. உங்கள் வீட்டு வழக்கத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை நீங்களும் மகளும் பேசி முடிவுசெய்யுங்கள். முருகன் அவளைப் பார்க்காத நாள் என்று ஒன்று இல்லை என்பதை மட்டும் இந்தக் கிழமையே சொல்லிவிடுங்கள்.

பெரியபுராணத்தில் வரும் திலகவதியாரை நினைத்துப்பாருங்கள். தாய் தந்தையர் மறைந்தார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். அதன் பிறகு தம்பி மருணீக்கியாருக்காகவே உயிர்வாழ்ந்தவர் அவர். அந்தத் தம்பியோ சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்துவிட்டார். அக்கா பின்னால் போய் மன்றாடவில்லை, சபிக்கவும் இல்லை. திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகி, மாலை கட்டி, தம்பியை மீட்டுத்தரும்படி சிவனிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். சூலை நோயில் துடித்த தம்பி ஆள் அனுப்பி அழைத்தபோதும், அங்கே வரமாட்டேன் என்று உறுதியாக மறுத்தார். ஆனால் அதே தம்பி இரவோடு இரவாகத் தம் வாசலில் வந்து விழுந்தபோது பழையதை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியுமுன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அந்தத் தம்பிதான் தேவாரம் பாடிய அப்பர்; அவர் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். கொள்கையில் இம்மியும் தளராமலே ஒருவர் கதவைத் திறந்துவைத்திருக்கலாம் என்பதைத் திலகவதியாரிடம்தான் நான் கற்றேன்.

அந்தப் பையனுடைய விஷயத்தைச் சமயத்தோடு கலக்காமல் தாயாக நின்று பேசுங்கள். யார், என்ன வயது, என்ன கதைக்கிறார்கள் என்று கேளுங்கள். போனுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பதென்றால் காரணத்தையும் சொல்லி வையுங்கள். படம் அனுப்பச் சொல்லி வற்புறுத்தலோ மிரட்டலோ இருந்தால் பிள்ளையைத் திட்டாமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். அப்படியொன்றும் இல்லையென்றால், அந்த வயதில் ஒரு பையனோடு கதைக்கத் தோன்றுவதைக் குற்றமாக்காதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமையும் அவள் வராமல் இருக்கலாம். வற்புறுத்தாமல் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். வரும்போது திருநீற்றை ஒரு கடதாசியில் மடித்துக் கொண்டுவந்து, அவளுடைய மேசையில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். பூசினாளா என்று கேட்க வேண்டாம்.