பிளேனர் டிரான்ஸ்பார்மர் ஏன் சுடுகிறது? கேள்வி பதில்

கேள்வி: என் பிளேனர் டிரான்ஸ்பார்மரில் வைண்டிங் முழுக்க பிசிபியில், தட்டையான காப்பர் தடங்களாக. கணக்குப்படி 80 டிகிரி வரவேண்டும், 100ஐத் தாண்டுகிறது. கோர் லாஸ் (காந்தக் கோரில் வீணாவது), காப்பர் லாஸ் (வைண்டிங்கில் வீணாவது) இரண்டையும் அளந்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கின்றன.

பதில்: அப்படியென்றால் சூடு வெளியே போகும் வழியில்தான் கோளாறு. போர்டுக்கும் ஃபெரைட் கோருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். சிமுலேஷன் மாடலில் இரண்டும் ஒட்டியிருப்பதாகவே பலரும் வரைந்துவிடுகிறார்கள். 10 சதுர செ.மீ. பரப்பில் 0.3 மி.மீ. காற்று இருந்தால், ஒரு வாட்டுக்குச் சுமார் 11.5 டிகிரி. அந்த வழியே 2 வாட் போனாலே 23 டிகிரி ஏறிவிடும். வெப்பக் கடத்துதிறன் 3 W/mK உள்ள தெர்மல் பேடை அதே இடத்தில் வையுங்கள், வாட்டுக்கு 0.1 டிகிரிதான்.

கேள்வி: 12 லேயரையும் தனித்தனியாக வரைந்தால் சிமுலேஷன் விடிய விடிய ஓடுகிறது.

பதில்: ஒரே கட்டியாக வரைந்து, திசைக்கொரு கடத்துதிறன் கொடுங்கள். 70 மைக்ரான் காப்பர், 200 மைக்ரான் எஃப்ஆர்4 (போர்டின் கண்ணாடியிழைப் பொருள்) என்றால் பக்கவாட்டில் சுமார் 100, மேல்கீழாக வெறும் 0.4. இரண்டுக்கும் சராசரி எடுத்துப் போட்டால் ஹாட் ஸ்பாட் (மிகச் சூடான இடம்) கணக்கில் மறைந்துவிடும். ஒரே லேயரில் பல சுற்று ஓடினால், சுற்றுகளின் இடைவெளி சூட்டை மறிக்கும்; குறுக்குத் திசையில் அந்த 100 கிடைக்காது.

கேள்வி: லாஸ் எல்லாவற்றையும் 25 டிகிரியில் கணக்கிட்டால் பாதுகாப்புதானே?

பதில்: கோருக்கு மட்டும். என்87 போன்ற ஃபெரைட்டில் லாஸ் மிகக் குறைவது 100 டிகிரியை ஒட்டி. காப்பர் நேர்மாறு: 20லிருந்து 100க்குப் போனால் மின்தடை 31 சதவீதம் கூடும்.

அதே நபர்: அது டிசிக்கு. பக்கத்துச் சுற்றுகளின் காந்தப்புலத்தால் வரும் ப்ராக்ஸிமிட்டி லாஸ் சூட்டில் குறையும், தெரியாதா?

பதில்: தெரியும். ஸ்கின் டெப்த்தைவிட (ஏசி மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் ஆழம்) மெல்லிய காப்பரில் அது மின்தடைக்கு எதிர்விகிதம், குறையத்தான் செய்யும். ஆனால் மொத்தத்தில் அதன் பங்கு எவ்வளவு? 100 கிலோஹெர்ட்ஸில் ஸ்கின் டெப்த் 0.2 மி.மீ. அளவு, உங்கள் காப்பர் 70 மைக்ரான். இன்டர்லீவ் செய்த (பிரைமரி, செகண்டரி லேயர்களை மாற்றி மாற்றி அடுக்கிய) வைண்டிங் என்றால் டிசி பங்குதான் பெரிது.

அதே நபர்: நான் இன்டர்லீவ் செய்யவில்லை.

பதில்: அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! அப்படியானால் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. இரண்டு பங்கையும் பிரித்து, வெப்பநிலையை ஊகித்து, லாஸ் கண்டு, மறுபடி வெப்பநிலைக்குப் போங்கள். ஓரிரு முறையில் வெப்பநிலை நின்றுவிட்டால் சரி. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் தெர்மல் ரன்அவே.

கேள்வி: தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) கோரில் விட்ட ஏர் கேப் அருகே ஒட்டலாமா?

பதில்: கூடாது. சிதறும் காந்தப்புலத்தில் அந்தக் கம்பியே சூடாகும். சப்ளையை நிறுத்திய உடனே வைண்டிங் மின்தடையை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுங்கள். கிடைப்பது சராசரி, ஹாட் ஸ்பாட் அதற்கு மேலேதான்.

கேள்வி: எனக்கும் கணக்கைவிட 30 டிகிரி அதிகம். ஏன்?

பதில்: இடைவெளி. முதல் பதில்.

கேள்வி: முழுவதையும் கெட்டியான எபாக்ஸியில் மூழ்கடித்தால்?

பதில்: இறுகும்போது ஃபெரைட்டை நெரிக்கும், கோர் லாஸ் கூடும். மென்மையான சிலிகோன் எடுங்கள்.

கேள்வி: எந்த ஃபேன் வாங்கலாம்?

பதில்: ஃபேன் விற்பவரைக் கேளுங்கள். வாங்கும் முன் அந்த இடைவெளியை அளந்துவிடுங்கள்.