மூன்றாவது மருந்துக்கு முன் வயலில் இறங்குங்கள்

கேள்வி: நட்டு 70 நாளான சி.ஆர். 1009 ரக சம்பா நெல், ஐந்து ஏக்கர். கடைக்காரர் கொடுத்த சைபர்மெத்ரின் கலந்த மருந்தை ட்ரோனில் இரண்டு முறை அடித்தும் நடுவயலில் வட்ட வட்டமாகக் காய்கிறது. அப்பா கைத்தெளிப்பான்தான் சரி என்கிறார், ஆள் கிடைக்கவில்லை. அடுத்து எந்த மருந்து அடிக்கலாம்?
– மன்னார்குடி வட்டார விவசாயி

பதில்: தம்பி, மருந்து பெயரைப் பிறகு சொல்கிறேன். அடிப்பதற்கு முன் யாராவது உள்ளே இறங்கிக் குத்தை, அதாவது ஒரே இடத்தில் நட்ட நெல் தூரை, பிரித்துப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே.

நீங்கள் சொல்லும் அடையாளம் புகையான் என்ற தத்துப்பூச்சியுடையது. அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டில் ஒட்டிச் சாறு குடிக்கும். ட்ரோன் ஏக்கருக்குத் தெளிப்பது சுமார் 10 லிட்டர். 70 நாள் பயிரில் அது மேல் இலையோடு நின்றுவிடும். இலைச்சுருட்டுப் புழுவுக்கோ உளுந்துக்கு டி.ஏ.பி. உரக் கரைசல் தெளிக்கவோ ட்ரோனை நானே சொல்வேன். அடித்தூரில் இருக்கும் பூச்சிக்கு அது உதவாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கைத்தெளிப்பானோடு நடந்தவர் மருந்து மட்டும் அடிக்கவில்லை. காலில் பட்ட குத்து, தண்ணீரில் விழுந்த பூச்சி, சிலந்தி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரப்புக்கு வந்து சொல்வார். ட்ரோன் வந்ததும் தெளிப்பு நின்றதோ இல்லையோ, அந்தப் பார்வை நின்றுவிட்டது. வாரம் ஒருமுறை நீங்களே இறங்குங்கள். குறுக்கும் நெடுக்குமாக இருபது குத்துகளைத் தட்டி எண்ணுங்கள். சிம்புக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி இருந்தால் மருந்து தேவை. புகையானைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால், சிம்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம்.

அந்தச் சிலந்தியைத்தான் சைபர்மெத்ரின் கொன்றது. அது சேர்ந்த செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்து அடித்த வயலில் புகையான் பெருகும் என்பது மருந்து விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கொடுத்தாலும் தெரிந்து கொடுத்தாலும், வயலைப் பார்க்காதவரிடம் வைத்தியம் கேட்காதீர்கள்.

இப்போது தண்ணீரை வடியுங்கள். எட்டடிக்கு ஒரு இடமாக மூங்கிலால் பயிரை இருபுறமும் ஒதுக்கி, காற்றும் வெயிலும் இறங்க வழி விடுங்கள். எண்ணிக்கை மீறியிருந்தால் ஏக்கருக்கு பைமெட்ரோசின் 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில், கைத்தெளிப்பானின் முனையைத் தூருக்குள் நுழைத்து அடியுங்கள். வட்டங்களும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதியும் மட்டும் என்றால் ஐந்து ஏக்கருக்கு ஆள் தேட வேண்டியதில்லை, நீங்களும் அப்பாவும் போதும். யூரியா பாக்கி இருந்தால் இப்போது போடாதீர்கள்.