ஹாம் ரேடியோ ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்கிறது, ஹெட்போன் போட்டால் மட்டும் கேட்பதில்லையே, ஏன்?

ரிக்கை, அதாவது பொழுதுபோக்காகப் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் அந்த ஹாம் ரேடியோவை, திறந்துவிடாதீர்கள். ஸ்பீக்கரில் தெளிவாக வருகிறது, செல்போன் ஹெட்செட்டைச் செருகினால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் பிளக்கில்தான்.

பிளக்கை வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று வளையக் கோடுகள் இருந்தால் அது மைக்கும் சேர்ந்த நான்கு முனை பிளக். ரேடியோ ஜாக் பெரும்பாலும் மூன்று முனைக்கானது. கிரவுண்ட் தொட வேண்டிய இடத்தில் மைக் முனை தொட்டுவிட்டால், இரண்டு காதுக்கும் பொதுவான திரும்பும் பாதை அறுந்துவிடும். பாட்டு என்றால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசமாவது காதில் விழும். ரேடியோவில் இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதால் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. ஒயரில் உள்ள மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அது மைக்கையும் கிரவுண்டையும் இணைத்துவிடும். சத்தம் சட்டென்று முழுசாக வந்தால் சந்தேகமே வேண்டாம், மைக் இல்லாத சாதாரண ஹெட்போனுக்கு மாறிவிடுங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்டால் கதை வேறு. பழைய ரிக்குகளில் ஒரே ஒலிப்பாதை கொண்ட 6.35 மி.மீ. மோனோ ஜாக் இருக்கும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் மோனோ பிளக், ஸ்டீரியோ சாக்கெட் உள்ள அடாப்டர் கேளுங்கள். ஆனால் மோனோ பிளக்கை ஸ்டீரியோ ஜாக்கில் செருகாதீர்கள். வலது பக்க வெளியீடு கிரவுண்டோடு ஷார்ட் ஆகும்.

பிளக்கைத் திருகும்போது கரகரவென்றால் ஜாக்கில் களிம்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் இது சகஜம். பவரை அணைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை நாலைந்து முறை செருகி எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, முலாம் போய்விடும்.

அப்புறம், பேசும்போது மட்டும் காதில் உறுமல் வந்தால் பவரைக் குறைத்துப் பாருங்கள். உறுமலும் குறைந்தால், ஹெட்போன் ஒயரே ஆன்டெனாவாகி நீங்கள் அனுப்பும் அலையை வாங்குகிறது என்று அர்த்தம். ரேடியோவை ஒட்டிய இடத்தில் ஒயரை ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையத்தில் பல சுற்று சுற்றுங்கள். மாடியில் எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் மட்டும் இணைக்கும் ஒயர் ஆன்டெனா) கட்டியிருந்தால், அதற்கு ஈடாகத் திரும்பும் பாதை தரும் கவுண்டர்பாய்ஸ் ஒயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் உறை வழியே அலை அறைக்குள் வந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெடலாமா என்று தோன்றலாம். கட்டாயம் மெனக்கெடுங்கள். அடுக்குமாடி எல்இடி பல்புகளும் சார்ஜர்களும் கிளப்பும் இரைச்சலுக்கு நடுவே 40 மீட்டர் அலைவரிசையில் ஒரு மெல்லிய மோர்ஸ் ஒலியைப் பிடிக்க நல்ல ஹெட்போன் இல்லாமல் முடியாது.